கடைசி இலக்கம்

2025.06.03 செவ்வாய்

கடையில் இன்று கூட்டமில்லை. காலையில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி மூன்று, மத்தியானம் ஒரு காணி வரைபடம், அவ்வளவுதான். பரந்தன் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் பட்டதாரி நிற்கிறாள் என்று இப்போது யாரும் ஆச்சரியப்படுவதில்லை. எனக்கு அது நிம்மதி. என்னோடு கதைப்பவர்கள் எத்தனை கொப்பி, இரண்டு பக்கமா ஒரு பக்கமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் மகள் அனோஜா போனோடு இருந்தாள். நாலாம் வகுப்பு ரீச்சர் வட்ஸ்அப்பில் ஒரு விளையாட்டு அனுப்பியிருக்கிறாவாம். கார் ஓட்டப் போட்டி. மேலே ஒரு கூட்டல் கணக்கு வரும். றோட்டில் மூன்று பாதை, பாதைக்கு ஒரு பலகை, பலகைக்கு ஒரு விடை. சரியான பலகைக்குள்ளால் போனால் கார் பாயும். பிழையென்றால் சேற்றில் புதையும்.

அக்கா பால் கானைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இரஞ்சிதம் அன்ரி அடுத்த மாதத்தோட வேலையால நிக்கப்போறாவாம். மகளோட முல்லைத்தீவுக்குப் போறா."

இரஞ்சிதம் அன்ரிதான் எங்கள் பால் சங்கத்தில் பால் அளந்து பதிகிறவர். பதினொரு வருடமாக அதே கதிரை.

"பிறகு ஆர் வருவினம்?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்" என்றாள். கழுவிய கானையே திரும்பவும் கழுவினாள்.

2025.06.06 வெள்ளி

அக்கா இரண்டு நாளாக என் பின்னால் வந்து நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறாள்.

2025.06.08 ஞாயிறு

இன்று கேட்டுவிட்டாள். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த வேலைக்கு நான் போகலாமோ?"

போகலாம் என்றேன். ஏன் போகக்கூடாது? பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பால்மானி போட முன்னமே அக்காவுக்குத் தெரியும். விரலில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். எந்த வீட்டு மாடு எத்தனை லீற்றர் கறக்கும் என்பதும் தெரியும். வாய்க்கால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாரோடும் கதைப்பாள். நான்தான் கதைக்காதவள்.

"சங்கத்தில சோதனை வைக்கினமாம். கூட்டல். போன் பாவிக்கேலாது. எனக்கு சின்னக் கூட்டல் வரும். ரண்டு வரிசை வந்தால் தடக்கும்."

ஏன் தடக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது அக்கா மூன்றாம் வகுப்பு. அக்கராயனில் ஒரு மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு கொஞ்ச நாள் போனாளாம். அடுத்த வருடம் நான் பிறந்தேன். அம்மா கூலிக்குப் போகவேண்டும். என்னை யார் வைத்திருப்பது? அக்காதான். ஒன்பது வயதுப் பிள்ளை ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு தரம் சொன்னா. அக்கா அதை ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் சொல்லித் தரட்டோ என்று கேட்டேன். சத்தம் வெளியில் வந்ததோ தெரியாது.

"உனக்கு வேலையால வந்து களைப்பு. அனோஜான்ர விளையாட்டில பழகுறன்" என்றாள்.

எனக்கு அது ஏன் ஆறுதலாக இருந்தது? அக்காவுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை நினைத்தாலே எனக்குக் கூச்சம். அவள் எனக்குச் சோறு தீத்தி வளர்த்தவள்.

2025.06.14 சனி

இன்றைக்குச் சிரித்த மாதிரி இந்த வீட்டில் சிரித்து எவ்வளவு நாள்.

அக்கா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்து போனைப் பிடித்தாள். கார் இடப்பக்கம் திரும்பினால் அவளும் இடப்பக்கம் சரிகிறாள். வலப்பக்கம் போனால் வலப்பக்கம். வெட்டி வைத்த பயத்தங்காய்ச் சட்டி கவிண்டது.

"அம்மா, கார் திரும்பினால் நீங்களும் திரும்பத் தேவையில்லை" என்று அனோஜா சொன்னாள்.

"பின்ன? என்னை விட்டுட்டு கார் தனியப் போகுமோ?"

"சேத்துக்க விட்டிட்டியள். திரும்பவும் சேறு."

"அது உன்ர கொப்பர் ஓட்டின கார் போல. பிரேக் இல்லை."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பயத்தங்காய் பொறுக்கினேன்.

2025.06.19 வியாழன்

அக்கா அனோஜாவை நாலு தரம் வென்றுவிட்டாள். அனோஜா அழுதுகொண்டு படுத்தாள். அக்காவின் முகத்தில் வெட்கமில்லாத சந்தோசம்.

2025.06.22 ஞாயிறு

ஒன்றைக் கண்டேன். காணாமல் இருந்திருந்தால் நல்லம்.

அக்கா விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்தேன். திரையை அல்ல, அவளுடைய கண்ணை. கணக்கு வருகிறது, 47ம் 38ம். அவளுடைய கண் ஏழையும் எட்டையும் மட்டும் தொடுகிறது. நாலும் மூன்றும் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஏழும் எட்டும் பதினைந்து, கடைசி இலக்கம் ஐந்து. ஐந்தில் முடிகிற பலகைக்குள் கார் போகிறது. பாய்கிறது.

பிறகு இருபது கணக்கு எண்ணிப் பார்த்தேன். ஒரு தரமாவது இரண்டு பலகை ஒரே இலக்கத்தில் முடியவில்லை. கடைசி இலக்கம் தெரிந்தால் போதும். விளையாட்டைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. அக்கா கண்டுபிடித்துவிட்டாள். கெட்டித்தனம்தான் அது. ஆனால் அது கூட்டல் இல்லை.

சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "அக்கா, ஐம்பத்தாறும் இருபத்தேழும்?"

"மூண்டில முடியும்."

"முழுசா எவ்வளவு?"

"மிச்சத்தைக் கார் பாத்துக்கொள்ளும்" என்றாள். கண்ணை எடுக்கவில்லை. சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

2025.06.25 புதன்

சொல்ல வேண்டும். எப்படி?

"அக்கா, நீங்கள் செய்யிறது கணக்கில்லை" என்றா? இவ்வளவு நாளும் சந்தோசமாக வென்றது ஒன்றுமில்லை என்றா? பத்துக்கு மேல் வந்தால் ஒன்றைக் கொண்டுபோய் அடுத்த வரிசையோடு சேர்க்க வேண்டும். அதைத்தான் மூன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பார்கள். அவள் நின்ற இடமே அதுதான். அதைச் சொல்லப்போனால் இடுப்பில் நான் இருப்பேன்.

சனிக்கிழமை சொல்லலாம். கடை அரை நாள்.

2025.06.28 சனி

சொல்லவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள்.

2025.07.04 வெள்ளி

சங்கத் தலைவர் மயில்வாகனம் ஐயா இன்று கடைக்கு வந்தார். கொப்பி எடுக்க வந்தார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அந்தச் சோதனைத் தாளை நீதான் எழுதித் தரவேணும். பத்துக் கணக்கு. திருத்திறதும் நீதான். ஊரில படிச்சது எண்டு வேற ஆரை நான் தேடுறது?"

"ஐயா, என்ர அக்காவும்…" என்று தொடங்கினேன்.

"கொக்கா எழுதுறா எண்டு தெரியும். அதுதான் உன்னட்டத் தாறன். நீ வாய் திறக்கமாட்டாய் எண்டு ஊருக்கே தெரியும்." சிரித்தார். "வீட்டில கதை விடாதை, என்ன?"

தலையாட்டினேன். மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு வாய் வேண்டும்.

2025.07.06 ஞாயிறு

தாள் எழுதினேன். பத்துக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று விடை போட்டு, சரியானதைக் கோடிடவும் என்று எழுதினேன். மூன்றும் வெவ்வேறு இலக்கத்தில் முடிகிற மாதிரி. ஓம், தெரிந்துதான் செய்தேன். இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது.

பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மயில்வாகனம் ஐயா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேனையை எடுத்து விடைகளை எல்லாம் குறுக்கே வெட்டினார்.

"பால் கொண்டு வாறவன் மூண்டு விடையும் கொண்டு வருவானோ, ஒண்டைத் தெரிஞ்சு எடுங்கோ எண்டு? கணக்கை மட்டும் போடு. கீழ இடம் விடு. அவை கூட்டி எழுதட்டும்."

அவர் சொன்னது சரி. நான் செய்ததுதான் பிழை. வரும் வழியில் வாய்க்கால் கட்டில் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன், ஓடவில்லை.

திரும்ப எழுதினேன். பத்துக் கணக்கு, கீழே வெறும் இடம்.

2025.07.10 வியாழன், போயா விடுமுறை

அத்தான் வவுனியாவிலிருந்து வந்தார். கட்டட வேலை, மாதத்தில் ஒரு தரம்தான் வருகிறார். வந்ததும் அக்கா அவரைப் போட்டிக்கு இழுத்தாள். அவர் ஒவ்வொரு கணக்கையும் வாய்க்குள் சொல்லி முழுதாகக் கூட்டினார். அதற்குள் அக்காவின் கார் கோட்டைத் தாண்டிவிட்டது. மூன்று தரம் தோற்றார்.

"இவ்வளவு நாளும் எனக்கு மாட்டைத்தானே காட்டினனீ? மூளையை எங்கை ஒளிச்சு வச்சிருந்தனீ?" என்றார். பிறகு அனோஜாவிடம், "கவனம் பிள்ளை, இனி அம்மாவைக் கிளாக்கர் அம்மா எண்டு கூப்பிடவேணும்" என்றார்.

அக்கா குசினிக்குள் போய்விட்டாள். பின்னால் போனேன். அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்தக் கதிரையில இருந்தால் காலமை எல்லாரும் என்னட்டத்தானே வரவேணும், என்ன? நான் கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில நிக்கத் தேவையில்லை."

"ஓம் அக்கா."

அப்போது சொல்லியிருக்கலாம். குசினியில் நாங்கள் இரண்டு பேர்தான். "அக்கா, ஒருக்கா பென்சில் எடுங்கோ" என்றால் முடிந்தது. அரை மணித்தியாலம். அவளுக்கு அரை மணித்தியாலம் போதும். மூன்று நாள் இருக்கிறது.

தாளைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று தலையாட்டியிருக்கிறேன், அதனால் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தாளைப் பற்றித்தான் சொல்லக்கூடாது. விளையாட்டைப் பற்றிச் சொல்ல யார் மறித்தது?

2025.07.12 சனி

நாளை சோதனை. அக்கா சேலையை மடித்து வைத்திருக்கிறாள். அனோஜாவின் பென்சில் இரண்டைத் தீட்டி வைத்திருக்கிறாள்.

சொல்லவில்லை.

2025.07.13 ஞாயிறு

சனசமூக நிலையத்தில் பத்து மணிக்குச் சோதனை. மூன்று பேர் எழுதினார்கள். அக்கா, யதுர்ஷிகா, வாய்க்கால் அங்காலை ஒரு அம்மா. யதுர்ஷிகா போன வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிள்ளை. பதினைந்து நிமிடம். நான் போகவில்லை, போகக்கூடாது என்று வீட்டில் இருந்தேன்.

அக்கா வந்தாள். எப்படி என்று அனோஜா கேட்டாள். "கெதியா முடிச்சிட்டன்" என்றாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு விளங்கவில்லை.

நாலு மணிக்கு மயில்வாகனம் ஐயா வீட்டில் தாள்களைத் திருத்தினேன்.

முதலாவது யதுர்ஷிகாவின் தாள். எட்டுச் சரி. இரண்டாவது ஐந்து.

மூன்றாவது அக்காவின் தாள். பத்துக் கணக்கு. பத்துக்குக் கீழேயும் ஒவ்வொரு இலக்கம். ஒரே ஒரு இலக்கம். 3. 5. 1. 0. 4. வலப்பக்க ஓரத்தில், சின்னதாக, வடிவாக. இடப்பக்கம் எல்லாம் வெறுமை.

பத்துக் கடைசி இலக்கமும் சரி. ஒன்றுகூடப் பிழை இல்லை.

ஐயா தேத்தண்ணிக்கு உள்ளே போனார். மேசையில் பென்சில் இருந்தது. இடப்பக்கம் பத்து இலக்கம் எழுத ஒரு நிமிடம் போதும். அவளுடைய எழுத்து எனக்குத் தெரியாததா. எழுதவில்லை. நேர்மை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேர்மையாக இருக்க எனக்கு மூன்று கிழமை இருந்தது.

பூச்சியம் போட்டேன். பத்துக்குப் பூச்சியம்.

2025.07.14 திங்கள்

முடிவை ஐயா சங்கச் சுவரில் ஒட்டினார். யதுர்ஷிகா.

அக்கா பால் கொடுக்கப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்தாள். வந்து மாட்டுக்குப் புல் போட்டாள். சோறு வடித்தாள். அனோஜாவின் சப்பாத்துக்கு வெள்ளை பூசினாள்.

2025.07.15 செவ்வாய்

அக்கா கேட்டுட்டா. நான் எழுதுறன், அவ சொன்ன மாதிரியே எழுதுறன், பிறகு மாத்தி நினைக்கப்படாது.

"தாள் உன்ர கையெழுத்துத்தானே?"

ஓம் எண்டன்.

"எடுத்தவுடனே கண்டிட்டன். நாலுக்கு நீ போடுற வளைவு எனக்குத் தெரியாதோ. பயமெல்லாம் போயிட்டுது. என்ர தங்கச்சி எழுதின தாள், எனக்குத் தெரிஞ்சதுதானே வரும் எண்டு நினைச்சன். முதல்ல எல்லாத்துக்கும் கடைசி இலக்கத்தைப் போட்டுட்டு மிச்சத்துக்கு வருவம் எண்டு ஓடினன். பிறகு மிச்சத்துக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல. பென்சிலை வச்சுக்கொண்டு இருந்தன். எட்டு நிமிசம்."

எட்டு நிமிசம் அவ அங்க சும்மா இருந்திருக்கிறா. யதுர்ஷிகா பக்கத்தில எழுத எழுத.

"உனக்கு முன்னமே தெரியுமோ? எனக்கு உது வராது எண்டு?"

நான் நிலத்தைப் பாத்தன்.

"எப்ப இருந்து?"

"ஒரு… மூண்டு கிழமை."

அவ தலையாட்டினா. கணக்கு ஒண்டைச் சரிபாத்த மாதிரி. பிறகு, "அனோஜாக்கு முட்டை அவிச்சு வச்சிருக்கிறன், எடுத்துக் குடு" எண்டா.

அடிச்சிருக்கலாம். ஏசியிருக்கலாம். மூதேவி எண்டாவது சொல்லியிருக்கலாம். முட்டை எடுத்துக் குடு எண்டா.

2025.07.16 புதன்

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தேன். ஒன்றும் மாற்றவில்லை.

2025.07.24 வியாழன்

போனில் அந்த விளையாட்டு இல்லை. யார் அழித்தது என்று அனோஜாவிடம் கேட்கவில்லை.

2025.08.01 வெள்ளி

இன்று முதல் யதுர்ஷிகா கதிரையில். அக்கா பால் கொண்டுபோகவில்லை. கால் வலியாம். நான் கொண்டுபோனேன்.

ஆறரைக்கு வரிசை. கானும் போத்தலுமாக இருபது பேர். எல்லாரும் எல்லாரோடும் கதைக்கிறார்கள், நான் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கௌசலா வரேல்லையோ? கால் வலியோ, மனவலியோ?" என்று வரிசையில் முன்னால் நின்ற சங்கிலி அண்ணை கேட்டார்.

"கால்" என்றேன்.

"ஓம் ஓம். அவ இல்லாட்டி இந்த வரிசையில சிரிக்க ஆளில்லை. நீ கொஞ்சம் பழகு பிள்ளை."

2025.08.09 சனி

கால் வலி இன்னும் மாறவில்லை. வயலுக்குப் போகிறாள், புல்லு வெட்டுகிறாள், விறகு கொத்துகிறாள். சங்கத்துக்கு மட்டும் கால் வலி.

நான் தினமும் போகிறேன். பிறகு கடைக்கு ஓட்டம். இதையாவது செய்கிறேனே என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

2025.08.17 ஞாயிறு

பின்னேரம் குசினிக்குள் போனேன். அக்காவும் அனோஜாவும் நிலத்தில். நடுவில் அனோஜாவின் பழைய மூன்றாம் வகுப்புக் கொப்பி.

"அந்த ஒண்டை மேல வையுங்கோ அம்மா. சின்னனா. மறக்கக்கூடாது" என்று அனோஜா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வச்சிட்டனடி. கத்தாதை, மாடு வெருளும்."

என்னைக் கண்டதும் அக்கா கொப்பியை மூடினாள். அரிசிப் பானையைத் தூக்கினாள். அனோஜா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், வெளியில் போனாள்.

பதினாறு வருடம் படித்த நான் வீட்டில் இருக்க, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிறாள். கேட்கட்டும். அனோஜா பிழையைக் கண்டால் பிழை என்று சொல்லுவாள்.

2025.08.18 திங்கள்

குசினிக்குப் போக முன்னம் வாசலில் நின்று இருமுகிறேன். என்னுடைய வீட்டிலேயே.

2025.08.29 வெள்ளி

மன்னிப்புக் கேட்டேன். கிணற்றடியில். வாளி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு?" என்றாள்.

"நான் சொல்லியிருக்கவேணும்."

"ஓம்" என்றாள். வாளியை ஊற்றினாள். "நீ பிறந்தநாளில இருந்து நீ அழுதால் ஏன் எண்டு எனக்குத் தெரியும். நீ வாய் திறக்கத் தேவை இருக்கேல்ல. நான்தான் உன்னை அப்பிடிப் பழக்கிப்போட்டன்."

பிழையையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

2025.09.02 செவ்வாய்

ஓகஸ்ட் மாதப் பால் புத்தகம் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. தினமும் கொடுத்த லீற்றர், கீழே மாத மொத்தம். கொண்டுவந்து மேசையில் வைத்தேன். நான் திறந்தும் பார்க்கவில்லை.

2025.09.03 புதன்

காலையில் கானை எடுக்க வந்தபோது அக்கா மேசையில் இருந்தாள். புத்தகத்தின் பின் மட்டையில் பென்சிலால் முப்பத்தொரு நாளும் இறக்கி எழுதிக் கூட்டியிருந்தாள். பக்கத்தில் அழித்து அழித்து இன்னொரு தரம். அதற்கும் கீழே இன்னொரு தரம்.

"நாலு லீற்றர் குறையுது" என்றாள். "மூண்டு தரம் கூட்டிப் பாத்திட்டன். பதினெட்டாந் திகதிப் பாலைச் சேர்க்காமல் விட்டிருக்கிறாள் பிள்ளை."

நான் பார்த்தேன். சரிதான். எல்லா வரிசையும் சரி.

"இப்ப போகேக்க யதுர்ஷிகாட்டச் சொல்லுறன் அக்கா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற குரல்தான்.

"நீ சொல்லமாட்டாய். நான் போறன்."

கானைச் சைக்கிளில் கட்டினாள். புத்தகத்தைச் சேலை மடிப்புக்குள் வைத்தாள். படலையைத் தாண்டி ஏறி மிதித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

ஏழரைக்குத் திரும்பி வந்தாள். புத்தகத்தில் மொத்தம் வெட்டி எழுதப்பட்டிருந்தது, பக்கத்தில் யதுர்ஷிகாவின் சின்னக் கையொப்பம். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சோதனை எழுதிய வாய்க்கால் அங்காலை அம்மாவும் தன்னுடைய புத்தகத்தைக் கூட்டிப் பார்க்கத் தந்துவிட்டாவாம், சங்கிலி அண்ணையும் தந்தாராம். மேசையில் மூன்று புத்தகம் கிடக்கிறது.

நான் நாளையிலிருந்து பால் கொண்டுபோக எழும்பத் தேவையில்லையாம். அனோஜா வந்து சொன்னாள்.